கூடிப் பேசி முடிவு காணுதல்

கிராம சபை என்பது ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் சேர்ந்த அவையாகும். இதில் இடம் பெறுவதற்குத் தேர்தலில் வெற்றி பெற வேண்டுவதில்லை; நிலபுலம் இருக்க வேண்டுவதில்லை; படிப்பும் கேட்கப்படுவதில்லை. 1992-ஆம் ஆண்டில் நிறைவேறி, 1993 ஏப்ரல் 24-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தமும், 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் இந்த அவைக்குச் சட்டப்படியான நிலையை அளித்தன. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களில் கூடி வந்த சபைக்கு, உலகத் தண்ணீர் நாளாகிய மார்ச் 22-உம் உள்ளாட்சி நாளாகிய நவம்பர் 1-உம் 2022-இல் சேர்க்கப்பட்டன.

ஆயினும் கூட்டம் முடிந்து வீடு திரும்புவோரைக் கேட்டால், “போனோம், பேசினோம், வந்தோம்” என்ற விடையே பல ஊர்களில் கிடைக்கிறது. அதிகாரிகள் செவி கொடுப்பதில்லை, தலைவர் முன்கூட்டியே முடிவு செய்து விடுகிறார் என்ற குறைகளும் கூறப்படுகின்றன. அவற்றில் உண்மை இல்லாமலில்லை. அவற்றைத் தீர்க்கும் வழி தனியே ஆராயத் தக்கது. ஆனால் பேசுவோரும் கேட்போரும் தம் கையிலேயே உள்ள சில காரியங்களைச் செய்யாமையால் வீணாகும் கூட்டங்கள் மிகப் பல. அவற்றைப் பற்றியே இங்குக் கூற முற்படுகிறோம்.

திருக்குறளில் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என்ற அதிகாரங்கள் இருப்பதை யாவரும் அறிவர். அம்மூன்றும் அமைச்சியலில் அமைந்தவை. அரசனுக்கு யோசனை கூறும் அமைச்சனுக்கு வேண்டிய கலையாகவே அவை அங்கு வைக்கப்பட்டுள்ளன. இன்றோ ஏர் பிடிப்பவருக்கும், களை எடுப்பவருக்கும், ஆடு மேய்ப்பவருக்கும் அக்கலை வேண்டியிருக்கிறது. எனினும் மேடைப் பேச்சும் கூடிப் பேசுதலும் ஒன்றல்ல. மேடைப் பேச்சைக் கேட்டவர் கை தட்டிவிட்டு எழுந்து போகலாம். கூடிப் பேசும் இடத்தில் கேட்பவர் அடுத்த கணம் பேச வேண்டியவராகிறார். பேச்சு முடிந்ததும் யாரேனும் ஒருவர் ஏதேனும் ஒரு வேலையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. ஆகவே நாவன்மை மிக்கவரே கிராம சபைக்குத் தேவை என எண்ணுவதற்கில்லை. சில வேளைகளில் அவராலேயே கூட்டம் கெடுவதுமுண்டு.

ஒரு மடைத் தண்ணீர்

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். ஏரிப் பாசனம் உள்ள ஒரு கிராமம். ஏரிக்கு மூன்று மடைகள். வடகிழக்குப் பருவமழை தாமதித்தமையால் ஏரி பாதியே நிரம்பியிருக்கிறது. சம்பா நடவு முடிந்து பயிர் வேர் ஊன்றிவிட்டது. நவம்பர் 1-ஆம் நாள் கிராம சபை கூடுகிறது. மூன்றாம் மடையின் கடைசியில் நிலமுள்ள விவசாயி ஒருவர் எழுந்து பேசுகிறார்:

“எங்கள் பக்கத்துக்கு எந்தக் காலத்தில் ஒழுங்காகத் தண்ணீர் விட்டீர்கள்? ஏரி என்ன, முதல் மடைக்காரர்களுக்கே எழுதி வைத்த சொத்தா?”

அவர் மனம் வெந்து பேசுகிறார். அவர் சொல்வதில் நியாயமும் இருக்கலாம். ஆனால் இதைக் கேட்ட முதல் மடைக்காரர் செய்யக்கூடியது யாது? அவர் மீது குற்றம் சாட்டப்பட்டுவிட்டது. ஆதலால் அவரும் எழுகிறார்: “கரை உடைந்தபோது மண் சுமக்க உங்கள் ஆட்களில் எத்தனை பேர் வந்தார்கள்?” இதன் பின் பத்து ஆண்டுக் கணக்குகள் ஒவ்வொன்றாக வெளிவருகின்றன. அரை மணி நேரம் கழிகிறது. தலைவர், “சரி, பார்ப்போம்” என்று கூறி அடுத்த பொருளுக்குச் செல்கிறார். கடைமடை வயல் காய்ந்தபடியே இருக்கிறது.

அதே விவசாயி அதே குறையை வேறு விதமாகவும் கூறலாம்:

“மூன்றாம் மடை வாய்க்கால், புளியமரத்து வளைவிலிருந்து களத்துமேடு வரை தூர்ந்து கிடக்கிறது. சென்ற முறையில் இரண்டு நாள் தண்ணீர் விட்டார்கள். கடைசி 30 ஏக்கரில் 12 ஏக்கருக்குத்தான் பாய்ந்தது. மார்கழியில் கதிர் வெளிவரும்போது இப்படியானால் நெல் பதராகிவிடும். வாய்க்காலைத் தூர் எடுக்க வேண்டும். எடுத்து முடியும் வரையில் எங்கள் முறைக்கு ஒரு நாள் கூட்டித் தர வேண்டும்.”

இதைச் சொல்லி முடிக்க ஒரு நிமிஷம் போதும். இதில் இடம் குறிக்கப்பட்டிருக்கிறது, போய்ப் பார்க்கலாம். அளவு கூறப்பட்டிருக்கிறது, எண்ணிப் பார்க்கலாம். வேண்டுகோள்கள் இரண்டும் தனித்தனியே நிற்பதால், நாளைக் கூட்டித் தர மறுப்பவரும் தூர் எடுக்க இசையலாம். யாரையும் குற்றம் சாட்டாமையால் யாரும் தற்காப்புக்கு எழ வேண்டிய தேவையுமில்லை. “12 அல்ல, 18 ஏக்கருக்குப் பாய்ந்தது” என்று ஒருவர் மறுக்கக் கூடும். மறுக்கட்டும். மறுநாள் காலையில் நான்கு பேர் வரப்பின் மேல் நடந்து சென்றால் அந்த வழக்குத் தீர்ந்துவிடும். ஏரி யாருக்குச் சொத்து என்ற வழக்கை எந்த வரப்பின் மேல் நடந்து தீர்ப்பது?

எண்ணும் இடமும் படித்தவருக்கே கைவரும் என்று சிலர் கருதுகின்றனர். அது சரியன்று. எந்த வாய்க்கால் எங்கே அடைபடுகிறது, எத்தனை குடம் பிடிப்பதற்குள் குழாயில் தண்ணீர் நின்றுபோகிறது, எந்தத் தெருவிளக்கு எத்தனை நாளாக எரியவில்லை என்பதை அங்கே வாழ்பவரைவிட நன்கு அறிந்தவர் எவர்? அறிந்ததைக் கூட்டத்துக்கு வருமுன் ஒரு முறை தமக்குள் ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும்; அவ்வளவே. எங்கே, எவ்வளவு, எப்போதிலிருந்து, அதனால் என்ன நஷ்டம், என்ன செய்ய வேண்டும் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிப் பார்த்துவிட்டு வந்தால் சபையில் நாக்குக் குழறாது.

கேட்பவர் கடமை

இனி முதல் மடைக்காரர் பக்கம் வருவோம். நம் கூட்டங்களில் பலர் பிறர் பேசும்போது கேட்பதில்லை. தாம் கூறப்போகும் விடையையே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். மறுமொழி கூறுமுன் எதிர்த் தரப்பார் சொன்னதை ஒருமுறை திருப்பிச் சொல்லுவது நல்ல பழக்கம். “வாய்க்கால் தூர்ந்ததால் தண்ணீர் வந்து சேரவில்லை என்கிறீர்களா, அல்லது கொடுத்த நாளே போதவில்லை என்கிறீர்களா?” என்று கேட்டுக்கொண்டு பேசினால், பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும். இவ்வாறு கேட்பது இணங்கிவிட்டதாகாது. மறுக்க வேண்டியதை நன்றாகத் தெரிந்துகொண்டு மறுப்பதேயாகும்.

அப்படிப் பொறுமையாகக் கேட்ட ஒரு கூட்டத்தில், முதல் மடைக்காரர் இவ்வாறு கூறுவதாகக் கொள்வோம்: “எங்கள் வயலில் தண்ணீர் தேங்குவது உண்மை. அது எங்களுக்கும் வேண்டாத தண்ணீர்தான். மடையை அடைத்தாலும் கசிந்துகொண்டே இருக்கிறது.” அப்போது ஓரத்தில் நிற்கும் நீர்கட்டியைத் தலைவர் அழைத்துக் கேட்கிறார். அவரோ, முதல் மடையின் அடைப்புப் பலகை உளுத்துப் போயிருப்பதையும், இரவெல்லாம் அதன் வழியே தண்ணீர் ஓடுவதையும் சொல்கிறார். கடைமடைக்காரருக்கு வாய்க்கால் தெரியும். முதல் மடைக்காரருக்குத் தம் வயல் தெரியும். பலகையின் நிலை நீர்கட்டிக்கே தெரியும். மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்த பின்னரே, ஒரு பலகை மாற்ற வேண்டும், இன்ன இடத்தில் தூர் எடுக்க வேண்டும் என்ற முடிவு தோன்றுகிறது. வீட்டில் தனியே உட்கார்ந்து எவரும் இதைக் கண்டிருக்க முடியாது. ஊரைக் கூட்டுவதன் பயன் இதுவே.

ஆனால் அந்த நீர்கட்டி எத்தனை ஊர்க் கூட்டங்களில் வாய் திறக்கிறார்? இந்த இடத்தில்தான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். நாற்காலிகள் முன்னே சிலருக்கும், தரை பின்னே பலருக்கும் என அமைந்த கூட்டத்தில், யார் பேச வேண்டியவர், யார் கேட்க வேண்டியவர் என்பது பேச்சுத் தொடங்குமுன்னரே முடிவாகிவிடுகிறது. வழிபாட்டிடங்களில் கிராம சபையை நடத்தலாகாது என்று அறிவுறுத்தப்பட்டிருப்பதன் நோக்கத்தையும் உணர வேண்டும். எவரும் தயக்கமின்றி வந்து அமரக்கூடிய பொது இடமாக அது இருக்க வேண்டும். எல்லோரும் ஒரே மட்டத்தில், கூடுமானவரை வட்டமாக அமர்வது சாலச் சிறந்தது. தரையானால் அனைவருக்கும் தரை.

ஒருவருடைய வயலில் கூலி வேலை செய்பவர், அவர் முன்னிலையில் எழுந்து அவருடைய ஆக்கிரமிப்பைப் பற்றிப் பேசுவது எளிதன்று. “அச்சத்தை விடுங்கள்” என்று அவருக்கு உபதேசம் செய்வது, மறுநாள் வேலை இழக்கப் போகாதவர்களுக்குச் சுலபம். இத்தகையோர் தம் குறையை முன்கூட்டியே மனுவாக எழுதி ஊராட்சியில் கொடுத்து, கூட்டத்தில் அது படிக்கப்படுமாறு கேட்கலாம். பலர் சேர்ந்து வந்து, ஒருவர் கூற, மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து “இதையே நானும் கூறுகிறேன்” என்று சொல்லலாம். சுய உதவிக் குழுப் பெண்கள் இவ்வழியைப் பல இடங்களில் நன்கு கையாளுகின்றனர். தனிக்குரல் என்று தள்ளிவிட முடியாதபடி ஆகிறது. பழியும் ஒருவர் தலையில் விழுவதில்லை.

பெண்களைப் பற்றிக் கூறும்போது மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் உள்ளாட்சிப் பதவிகளில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்க 2016-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆயினும் பெண் உறுப்பினரைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கு அவருடைய கணவர் எழுந்து விடை கூறும் காட்சி இன்னும் மறையவில்லை. அவ்வாறு நிகழும்போது கேள்வி கேட்டவர் கோபிக்கத் தேவையில்லை. “உறுப்பினர் அம்மா சொல்லட்டும், காத்திருக்கிறோம்” என்று கூறிவிட்டு உண்மையாகவே காத்திருந்தால் போதும். முதல் தடவை மௌனம் நீளும். சபை அந்த மௌனத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தலைவரை நோக்கிப் பேசுதல்

ஊரில் நாம் ஒருவரையொருவர் முறை சொல்லியே அழைக்கிறோம். மாமா, சித்தப்பா, அண்ணன், மதினி என்ற சொற்களே ஊரை ஊராக வைத்திருக்கின்றன. அவை சபையிலும் சினத்தைத் தணிக்க உதவும், இதில் ஐயமில்லை. ஆனால் இளைஞர் ஒருவர் தாம் மாமா என்று அழைப்பவரின் யோசனையை மறுக்க எழும்போது அச்சொல்லே அவர் தொண்டையை அடைக்கிறது. வீட்டு மரியாதையா, வாய்க்கால் நியாயமா என்று அவர் திகைக்கிறார். இத்திகைப்பைப் போக்கவே, அவைகளில் எதிரே இருப்பவரை நோக்காமல் தலைவரை நோக்கிப் பேசும் வழக்கம் கைக்கொள்ளப்படுகிறது. “தலைவர் அவர்களே, இப்போது கூறப்பட்ட யோசனையில் எனக்கு ஓர் ஐயம்” என்று தொடங்கினால், மாமாவை மறுத்ததாக ஆகாது. யோசனையை ஆராய்ந்ததாகவே ஆகும். வெறும் சம்பிரதாயம் எனச் சிலர் நகைக்கும் இவ்வழக்கத்தில் இத்தனை வசதி இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் இருவரும் மாமனும் மருமகனுமாகவே ஒரே பாதையில் வீடு திரும்பலாம்.

இதற்கு ஈடாகத் தலைவருக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. அவர் தம் அபிப்பிராயத்தை முதலிற் கூறலாகாது. தலைவர் மனம் தெரிந்துவிட்டால் பாதிப் பேர் அதையே வழிமொழிவர். மீதிப் பேர் மௌனமாவர். பொருளை விளக்குவதும், ஒரு பொருள் முடியுமுன் இன்னொன்று நுழையாமற் காப்பதும், இருமுறை பேசியவரை அமர்த்தி ஒருமுறையும் பேசாதவரை அழைப்பதும் அவர் வேலை. குடிநீரைப் பற்றிப் பேசும்போது வீட்டுமனைப் பட்டா வந்து நுழைவது நம் ஊர்களில் சர்வ சாதாரணம். அதைக் கேட்க மறுத்துவிட்டால் கேட்டவர் புண்படுவார். “குறித்துக்கொண்டேன், இதற்கு அடுத்தது அதுதான்” என்று எல்லோரும் காண எழுதிக்கொள்ள வேண்டும். எழுதியதைப் பின்னர் எடுக்கவும் வேண்டும்.

எதற்கும் மறுப்புக் கூறுபவர் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார் போலும். பழைய ஊராட்சி என்றவுடன் உத்திரமேரூரில் கி.பி. 919, 921 ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளை அனைவரும் நினைப்பர். அவற்றுக்கும் நூறு ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டது திருநெல்வேலி மாவட்டம் மானூர்க் கல்வெட்டு. பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தைச் சேர்ந்தது, ஏறத்தாழக் கி.பி. 800 அளவினது. சபையில் யார் அமரலாம், எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை அது விதிக்கிறது. அவையில் வரும் ஒவ்வொரு காரியத்தையும் “அன்று, அன்று” என மறுத்துக்கொண்டே இருப்பவரும், அவருக்குத் துணை நிற்பவரும், காரியம் ஒன்றுக்கு ஐந்து காசு தண்டம் இறுக்க வேண்டும் என்பது அவ்விதிகளுள் ஒன்று. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம்மவர் இத்தொல்லையை அறிந்து விதி வகுத்திருந்தனர் என்பது வியப்பைத் தருகிறது.

ஆனால் வியந்து நின்றுவிடலாகாது. அது பிராமணர் ஊர்ச் சபை. நிலப் பங்கும் வேதக் கல்வியும் உடைய ஆண்களே அங்கு அமர்ந்தனர். உழுதவர்களுக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. மறுப்புக்குத் தண்டம் விதிக்கும் அதிகாரம் சிலர் கையில் இருந்தால், நியாயமான மறுப்பையும் அவர்கள் தொல்லை என்றே எண்ணக் கூடும். ஆகவே அந்த விதியை இன்று அப்படியே கைக்கொள்ள முடியாது, கைக்கொள்ளவும் வேண்டாம். மறுப்பவரிடம் தலைவர் அமைதியாக, “இது வேண்டாம் என்றால் இதற்குப் பதிலாக என்ன செய்யலாம்?” என்று கேட்கட்டும். நல்ல மறுப்பாளரிடம் விடை இருக்கும். அது முதல் யோசனையைவிடச் சிறந்ததாகவும் இருக்கலாம். விடை இல்லாதவர் அமர்ந்துவிடுவார். தண்டக் காசு வாங்காமலே காரியம் முடிகிறது.

எழுதி வைத்தல்

எவ்வளவு நன்றாகப் பேசினாலும் தீர்மானப் புத்தகத்தில் ஏறாத பேச்சு காற்றோடு போய்விடும். அதில் ஏறும் சொற்களையும் கவனிக்க வேண்டும். “ஏரி நீர் குறித்து விவாதிக்கப்பட்டது” என்று எழுதினால், விவாதித்தார்கள் என்பதைத் தவிர அதில் ஒன்றுமில்லை. முதல் மடைப் பலகையை மாற்ற இன்னார் பொறுப்பு, மூன்றாம் மடை வாய்க்காலில் இன்ன இடம் முதல் இன்ன இடம் வரை தூர் எடுத்தல், முடிக்க வேண்டிய நாள் இது என்று எழுதினால், நாளை ஒருவரைப் பார்த்துக் கேட்கலாம்.

யாரிடம் கேட்பது என்பதிலும் தெளிவு வேண்டும். தமிழ்நாட்டில் 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருப்பவை. அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையைச் சேர்ந்தவை. பெரிய ஏரியின் மடையைப் பழுது பார்க்க ஊராட்சித் தலைவரைக் கடிந்துகொள்வதால் பயனில்லை. அவருடைய அதிகாரத்தில் இல்லாததை, அதிகாரம் உள்ள அலுவலரிடம் கேட்டு அனுப்பும் கோரிக்கையாகவே தீர்மானம் அமைய வேண்டும். வாய்க்காலைப் பயிரிடுவோரே கூடித் தூர் எடுத்துக்கொள்ளும் பழக்கம் உள்ள ஊர்களில், ஏக்கருக்கு இத்தனை ஆள் என்று அங்கேயே பேசி முடித்துவிடலாம். இதற்கு எந்த அலுவலகத்தையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகை உண்டு. 500 வரை மக்கள்தொகையுள்ள ஊராட்சியில் 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் வர வேண்டும். இத்தொகையை நிரப்புவதற்காகக் கையொப்பம் மட்டும் இட்டுவிட்டுப் போகிறவர்கள், தாம் கேளாத தீர்மானத்துக்குத் தம் பெயரைக் கடன் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். வருகைக்கு இடும் கையொப்பம் வேறு, தீர்மானத்துக்கு இசைவது வேறு என்பதை ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். வெற்றுத் தாளில் எவரும் கையொப்பம் இடலாகாது. எழுதிய தீர்மானத்தைச் சபை கலையுமுன் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். படிக்கும்போது, “நாள் குறிப்பிடவில்லையே” என்று ஓர் அம்மையார் எழுந்து கேட்டால், அன்றைய கூட்டத்தில் மிக நன்றாகப் பேசியவர் அவரே என்று நாம் கூறுவோம்.

அடுத்த கூட்டம், சென்ற கூட்டத்தின் தீர்மானங்களைப் படிப்பதிலிருந்து தொடங்க வேண்டும். நவம்பரில் மூன்றாம் மடையைப் பற்றி எழுதியிருந்தால், ஜனவரி 26-ஆம் நாள் புதிய பொருள் எதையும் எடுக்குமுன், பலகை எந்த நாளில் மாற்றப்பட்டது, வாய்க்கால் எவ்வளவு தூரம் தூர் எடுக்கப்பட்டது, மார்கழி முறையில் கடைசி 30 ஏக்கரில் எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் பாய்ந்தது என்று அந்தக் கடைமடை விவசாயியையும் நீர்கட்டியையும் எழுப்பிக் கேட்க வேண்டும்.